ரேம் வாங்கப் போகிறீர்களா? முதலில் மதர்போர்டு பெட்டியைப் பாருங்கள்

சித்தப்பா மகன் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய உட்கார்ந்தான். இரவு பத்து மணிக்குப் போன். “அண்ணா, ரேம் உள்ளே போக மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமா?” அழுத்தாதே என்று சொல்லிவிட்டு, மதர்போர்டு பெட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பி760 போர்டு. பெயரின் கடைசியில் பொடி எழுத்தில் டி4 என்று இருந்தது; அதாவது டிடிஆர்4 ரேமுக்கான போர்டு. அவன் கையில் இருந்ததோ அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5.

இதில் பலரும் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 பின்கள், ஒரே நீளம். கீழ் விளிம்பில் இருக்கும் வெட்டு மட்டும் சற்றே தள்ளி இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது; பலம் காட்டினால் உடைவது ஸ்லாட்தான். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறை கோர் பிராசஸர்கள் இரண்டு வகையோடும் வேலை செய்யும் என்பதால், எந்த ரேம் என்பதைப் போர்டுதான் தீர்மானிக்கும். ஏஎம்டியில் இந்தத் தலைவலி இல்லை. பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5.

ஆன்லைனில் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, லேப்டாப்புக்கான எஸ்ஓடிம் ரேம். நீளம் பாதிதான் இருக்கும், பெட்டியைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். மற்றது கொஞ்சம் மோசம்: சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம், சுருக்கமாக ஆர்டிம். டிடிஆர்4-இல் இது சாதாரண ஸ்லாட்டில் அழகாகப் பொருந்திவிடும், ஆனால் வீட்டு போர்டுகளில் பூட் ஆகாது. 32 ஜிபி நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், லேபிளில் ஆர்டிம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகத்துக்கு வருவோம். 3200 என்று வாங்கிய ரேம் பூட்டிய பிறகு 2666 என்று காட்டும். உடனே கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரும். அவர் மேல் தப்பில்லை. பயாஸுக்குள், அதாவது போர்டின் செட்டிங்ஸ் திரைக்குள், போய் எக்ஸ்எம்பி என்ற வேக செட்டிங், ஏஎம்டி டிடிஆர்5 போர்டாக இருந்தால் எக்ஸ்போ, இதை ஆன் செய்தால்தான் பல ரேம்கள் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடும். சரி, ஆன் செய்தாயிற்று. இப்போது கம்ப்யூட்டர் விவரம் சொல்லும் சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டுகிறதே? அதுவும் சரிதான். ஒரு துடிப்புக்கு இருமுறை டேட்டா போகிறது, அந்த மென்பொருள் துடிப்பை மட்டும் எண்ணுகிறது. ஆனால் போர்டுக்கும் ஒரு எல்லை உண்டு. எச்610 போர்டில் 3600 டிடிஆர்4 போட்டாலும் 3200-க்கு மேல் ஏறாது, கூடுதலாகக் கொடுத்த காசு வீண்.

‘இப்போதைக்கு ஒரு 8 ஜிபி, அப்புறம் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்’ என்பது நம் வீடுகளின் பட்ஜெட் கணக்கு. நானும் அப்படிச் செய்தவன்தான். ஆறு மாதம் கழித்து அதே கம்பெனி, அதே மாடல் வாங்கினேன். உள்ளே இருந்த சிப் வேறு. எக்ஸ்எம்பி ஆன் செய்தால் திரை கருப்பாகவே நின்றது, கடைசிவரை வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டினேன். இரண்டையும் ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்குவதே நல்லது.

அந்த ஜோடியைப் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போடாதீர்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2. முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் இரண்டும் ஒரே சேனலில், அதாவது பிராசஸருக்கு டேட்டா போகும் ஒரே பாதையில், மாட்டிக்கொள்ளும்; தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு கேமில் இதன் அடி பலமாக விழும். ஏஎம்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசையும் வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600.

தம்பி மறுநாள் ரேமை மாற்றிக்கொண்டு வந்தான். மறுபடியும் போன். “அண்ணா, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல.” வீடியோவில் பார்த்தேன். அந்த போர்டில் ஸ்லாட்டின் ஒரு பக்கம்தான் கிளிப். மறுமுனை ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, “இப்போ அழுத்துடா” என்றேன். டக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.