பழைய டிராக் காருக்குப் பின்பக்க டிஸ்க் பிரேக்: அளவெடுத்துவிட்டுக் கிட் வாங்குங்கள்

பழைய டிராக் (drag) காரில், அதாவது நேர்க்கோட்டில் குறுகிய தூரம் சீறிப் பாயும் பந்தயக் காரில், பின்பக்க டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றப் போகிறீர்களா? கிட் வாங்கும் முன்பே அளவுகோலோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடுங்கள். "எனக்கு 9 இஞ்ச் ஃபோர்டு ஆக்ஸில், அதற்கு ஒரு டிஸ்க் கிட் கொடுங்கள்" என்று கேட்டால் போதாது. 1957 முதல் 1986 வரை வந்த அந்த ஆக்ஸிலில் (பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) பேரிங்கின் வெளிவிட்டம் ஒன்றில் 2.835 இஞ்ச், இன்னொன்றில் 3.150 இஞ்ச், பெரிய பேரிங்கிலேயே போல்ட் துளைகளின் இடைவெளி வேறு வேறாக இருக்கும். அதோடு, பழைய டிராக் கார் என்றால் முன்பு வைத்திருந்தவர்களில் யாராவது ஹவுசிங்கின் (ஆக்ஸிலை மூடியிருக்கும் உறை) நுனியை அறுத்து வேறொன்றை வெல்டு செய்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அதனால் காரின் மாடலை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

நான்கு போல்ட் துளைகளின் இடைவெளி, பேரிங் விட்டம், வீல் போல்ட் வட்டம், ஆக்ஸில் நடுவில் ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் வட்டத்தட்டு) உட்காரும் மேட்டின் விட்டம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைவிட முக்கியமானது ஆஃப்செட், அதாவது டிரம்மின் பின்தட்டு உட்காரும் முகத்திலிருந்து ஆக்ஸில் ஃபிளேஞ்சின் (வீல் மாட்டும் தட்டு) வெளிமுகம் வரை உள்ள தூரம். இது தப்பினால் ரோட்டர், அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு நடுவில் வரவே வராது.

செவர்லே 12 போல்ட் ஆக்ஸில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஆக்ஸிலை உள்ளே பிடித்திருப்பது சி வடிவ வளையமான சி கிளிப். ஆக்ஸில் கொஞ்சம் உள்ளே வெளியே ஆடும், டிரம்முக்கு அது பொருட்டே இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள ஃபிக்ஸட் காலிப்பரில் அந்த ஆட்டம் பேடை (ரோட்டரில் அழுந்தும் பட்டை) பின்னால் தள்ளிவிடும், அடுத்த முறை மிதித்தால் பெடல் தரையைத் தேடிப் போகும். அந்தக் கிளிப்புக்குப் பதிலாக ஆக்ஸிலை வெளி நுனியில் பிடிக்கும் சி கிளிப் எலிமினேட்டர் போட்டுவிட்டு டிஸ்க்குக்கு வாருங்கள்.

இனி கழற்றும் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, டிரம்மைக் கழற்றி, ஃபிளேஞ்சில் உள்ள துளை வழியாக நான்கு நட்டையும் எடுத்தால் ஆக்ஸில் வெளியே வரும். பழைய ஷூவில் (டிரம்முக்குள் உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பின்தட்டு இருந்த இடத்தில் காலிப்பர் பிராக்கெட் வரும். அந்த முகத்தில் துருவோ பெயிண்டோ ஒரு துளி இருந்தாலும் பிராக்கெட் கோணலாக உட்காரும், சுரண்டிவிடுங்கள். ரோட்டரை மாட்டி, வீல் நட்டுகளை வாஷரோடு இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றிப் பாருங்கள், 0.005 இஞ்சுக்கு மேல் ஆடினால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்புறம் காலிப்பர்: ஷிம் (மெல்லிய தகடு) போட்டு நடுவுக்குக் கொண்டுவாருங்கள், காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் மேல்நோக்கி இருக்க வேண்டும், இரண்டு பக்கக் காலிப்பரும் இடம் மாறியிருந்தால் அது கீழே போய்விடும், எவ்வளவு பிளீட் செய்தாலும் காற்று வெளியேறாது. ஸ்லிக் (பள்ளமில்லாத) டயர் உள்ள வீலையே மாட்டிக் கையால் சுற்றி, காலிப்பர் எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலான சிக்கல் இதற்குப் பிறகு, பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில்தான். டிரம்மில் ஷூ சுற்றும் சக்கரத்தோடு தானே இழுபட்டு இன்னும் இறுகும், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, முழு அழுத்தமும் உங்கள் காலிலிருந்து வர வேண்டும். பிளீடர் துளையில் கேஜ் மாட்டி ஓங்கி மிதித்தால் 1,000 பிஎஸ்ஐக்கு (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் போர் (உள்விட்டம்) சிறிய சிலிண்டருக்கோ கூடுதல் பெடல் விகிதத்துக்கோ (பெடலின் நெம்புகோல் பலம்) போங்கள், பெடல் ஓட்டம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை. காலால் பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் லைனில் நிற்பவர்கள் இதில் அலட்சியம் காட்டினால் பச்சை விளக்குக்கு முன்பே கார் நகர்ந்துவிடும்.

டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், குழாய் போகும் வாயில் உட்பக்கமாக ஒரு ரெசிடுவல் வால்வு ஒளிந்திருக்கும், அதனால் பிரேக் குழாயில் (லைனில்) சுமார் 10 பிஎஸ்ஐ எப்போதும் தங்கும். நான் ஒரு முறை அதை எடுக்க மறந்தேன். பேட் விடாமல் உரசி, ரோட்டர் நீலம் பாரித்த பிறகுதான் புத்தி வந்தது. சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் கார்களுக்கு மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு தேவை.

பின்பக்க அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் புரபோர்ஷனிங் வால்வு பின்பக்க லைனில் வரட்டும், முன்வீலை மட்டும் பிடித்துவைக்கும் லைன் லாக் முன்பக்க லைனிலேயே இருக்கட்டும். ஹவுசிங்குக்குப் போகும் ஹோஸை, காரைத் தூக்கி ஆக்ஸில் முழுவதும் தொங்கும் நிலையில் அளந்து வாங்குங்கள், கார் சீறிக் கிளம்பும் லாஞ்சில் பின்பக்கம் எழும்பும்போது அது விறைத்துப் பிடிக்கக் கூடாது. ஏஎன் ஃபிட்டிங்கின் (ரேஸ் கார்களில் வரும் குழாய் இணைப்பு) ஃபிளேர், அதாவது விரிந்த வாய், 37 டிகிரி, சாதாரண பிரேக் குழாயின் ஃபிளேர் 45 டிகிரி, ஒன்றை இன்னொன்றில் திணித்தால் கசியும். செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.

பிளீடிங் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள காலிப்பரிலிருந்து தொடங்கட்டும். நான்கு பிஸ்டன் காலிப்பரில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பிளீடர் இருந்தால் இரண்டிலும் காற்றை எடுங்கள்.

முதலில் மெதுவாக ஓட்டி நிறுத்தி நிறுத்திப் பேடைப் பழக்குங்கள். புரபோர்ஷனிங் வால்வைப் பின்பக்கம் குறைவாக வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஓடுபாதை முடிவில் பின்வீல் பூட்டிக்கொண்டால் கார் திரும்பி நிற்கும். இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி காருக்கு அடியில் போய் பிராக்கெட் போல்ட்டையெல்லாம் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, ஹோஸ் எங்கேயாவது உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.