34 ப்ளவுஸ் பேட்டர்னை 38க்குப் பெரிதாக்குவது எப்படி

உங்களிடம் நன்றாகப் பொருந்திய 34 சைஸ் (மார்புச் சுற்றளவு, இன்ச்சில்) ப்ளவுஸ் பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் காகித அச்சு ஒன்று இருக்கிறது, இப்போது அக்காவுக்கு 38 தைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் என்ன செய்கிறோம்? பக்கத் தையல் ஓரத்தில் ஒரு இன்ச் தள்ளிக் கோடு போட்டு வெட்டிவிடுகிறோம். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன். ஹூக் மாட்ட முடிந்தது, ஆனால் அக்குளில் துணி சுருண்டு நின்றது, டாட் (மார்புக்கு இடம் தர முக்கோணமாக மடித்துத் தைக்கும் மடிப்பு) முனைகள் நடுவில் நெருங்கிக் கிடந்தன, கை மூட்டும்போது அது கை குழியோடு (கையை இணைக்கும் வளைவு) சேரவே இல்லை. உடம்பு பக்கவாட்டில் மட்டும் பெருப்பதில்லை, அதனால் பேட்டர்னையும் உள்ளே வெட்டித்தான் விரிக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 34ஐ 38 ஆக்கினால் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுகிறது, அப்போது 14 இன்ச் தோள் பதினைந்தரைக்கும் மேலே போய்விடும், கழுத்தும் அகன்று தோளிலிருந்து நழுவும். மார்பு 4 இன்ச் கூடியவருக்குத் தோள் எலும்பு அந்த அளவுக்கு அகலமாகாது.

சரி, வேலைக்கு வருவோம். பழைய பேட்டர்னை அப்படியே பிரவுன் பேப்பரில் நகல் எடுங்கள், மூலத்தைத் தொடவே வேண்டாம். தையலுக்கு விட்ட துணி அளவையும் நகலில் சேர்க்காதீர்கள், தையல் கோடு மட்டும் போதும், கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். கூட வேண்டியது 4 இன்ச், முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் மடித்த பாதி இரண்டு என்று நாலு பாகம், அதனால் பாகத்துக்கு 1 இன்ச். அந்த ஒரு இன்ச்சை ஒரே இடத்தில் கொடுக்கக் கூடாது. தோளின் நடுவிலிருந்து கீழே வரை நேராக ஒரு கோடு வெட்டிக் கால் இன்ச் விரியுங்கள், கை குழி வளைவின் நடுவிலிருந்து கீழே இன்னொரு கோடு வெட்டி அரை இன்ச், மீதிக் கால் இன்ச்சைப் பக்கத் தையலில் கொடுங்கள். அப்புறம் கை குழியின் பாதி உயரத்தில் குறுக்கே வெட்டிக் கால் இன்ச் இறக்கினால் அக்குள் இறுக்காது. அடியில் வேறு பேப்பர் வைத்து ஒட்டுங்கள், நீள இழைக் கோடு (துணியின் நீளவாட்டு இழையோடு ஒத்திருக்க வேண்டிய கோடு) சாயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்துக்கும் இதே கணக்குதான், முன் தோளும் பின் தோளும், முன் பக்கத் தையலும் பின் பக்கத் தையலும் ஒரே நீளம் வர வேண்டும்.

ஒட்டி முடித்ததும் கை குழி படி படியாக நிற்கும், அதை வளைவாகத் திரும்ப வரையுங்கள். டாட் முனையைப் பேட்டர்னை நம்பிக் குறிக்காதீர்கள், தோளிலிருந்து மார்பு முனை வரைக்கும், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும் உடம்பிலேயே அளந்து குறித்து, அங்கிருந்து டாட்டைப் புதிதாக வரையுங்கள். கீழே பட்டி வைத்த ப்ளவுஸ் என்றால் பட்டியையும் அதே அளவு நீட்ட வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

கைதான் சிரமமான இடம். இன்ச் டேப்பை ஓரமாக நிமிர்த்திப் பிடித்து, முன், பின் கை குழித் தையல் கோட்டைச் சேர்த்து அளங்கள், கையின் மேல் வளைவையும் அளங்கள். கை வளைவு அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச் வரை கூடுதலாக இருந்தால் சரியாக உட்காரும். குறைந்தால் கையை நடுவில் நீளமாக வெட்டி விரித்து, கை உச்சியையும் கால் இன்ச் ஏற்றுங்கள். புஜச் சுற்றளவையும் பார்த்துவிடுங்கள், சிலருக்கு மார்பைவிடப் புஜம்தான் அதிகம் கூடியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டி ஒரு சுற்றளவு எடுங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்களுக்கு அந்த மேல் சுற்று பழையபடியே இருக்க, முழு மார்பு மட்டும் கூடியிருக்கும். அவர்களுக்குப் பின்பக்கத்தை அகலப்படுத்தினால் முதுகில் துணி தொங்கும். முன்பக்கத்தை மட்டும், அதுவும் மார்பு முனை வழியாக வெட்டி விரியுங்கள். இடுப்பு டாட்டின் நடுவிலிருந்து முனை வரை, முனையிலிருந்து கை குழி வரை வெட்டி, கை குழி ஓரத்தில் மட்டும் ஒரு நூல் அளவு விட்டுவிடுங்கள். பக்கத் தையலிலிருந்தும் முனை வரை ஒரு வெட்டு. குறையும் அளவில் பாதியை ஒவ்வொரு முன்பாகத்திலும் திறந்தால் டாட்கள் தாமாகவே ஆழமாகும். அந்த ஆழம்தான் மார்புக்கு இடம் தருகிறது, அதைக் குறைத்துத் தைக்காதீர்கள். நடுப்பக்கம் கீழே குட்டையாகும், பக்கத் துண்டு இறங்கிய அளவுக்கு அதையும் நீட்டிவிடுங்கள்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் பழைய வேட்டியிலோ காட்டன் புடவையிலோ வெட்டி, மெஷினில் பெரிய தையலாகப் போட்டு, போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே குண்டூசி வைத்துப் பேப்பரில் திருத்துங்கள். பக்கத் தையலுக்கு ஒன்று முதல் ஒன்றரை இன்ச் உள்ளே விடுங்கள், பிறகு பிரித்துவிட உதவும். புடவையோடு வரும் ப்ளவுஸ் பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான், 38க்கு முழங்கை வரை கை வேண்டுமென்றால் பேட்டர்ன் துண்டுகளை அதன் மேல் பரப்பிப் பார்த்துவிட்டே வெட்டுங்கள்.