தண்ணீர் மேல் ஒரு தெரு: பினாங்கு சியூ ஜெட்டிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். மலேசியாவின் பினாங்குத் தீவில் நாம் போகப்போகிற இடத்தின் பெயர் சியூ ஜெட்டி. கிளம்பும்போது அம்மாவிடம் "பினாங்கில் ஜெட்டி பார்க்கப் போறேன்" என்று சொன்னேன். "அதைப் பார்க்கவா பிளேன் ஏறிப் போற?" என்றாள். அங்கே ஜெட்டி என்றால் படகுத்துறை. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பலகைப் பாதை, அதன் இரண்டு பக்கமும் தண்ணீரில் கால் ஊன்றிய மர வீடுகள். இன்றும் அவற்றில் குடித்தனம் நடக்கிறது.

எங்கள் ஊர் கடையநல்லூர். 2019-இல் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டோம், ஆனாலும் வெளியூரில் கேட்டால் திருநெல்வேலி என்றுதான் வாயில் வரும். இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு ஒரு பினாங்குக் கதை உண்டு. ரஜூலா கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1926-இலிருந்து 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவரைச் சபுராளி என்போம். சபுராளி ஊருக்கு வந்தால் பெட்டியில் சோப்பு வரும், கைலி வரும், கதையும் வரும். இந்தத் தண்ணீர்த் தெரு மட்டும் எந்தக் கதையிலும் வந்ததில்லை. முப்பது வருடமாக அங்கே இருக்கும் மாமாவிடம் போனில் கேட்டேன். "சீனவங்க கம்பம்லா அது, அதுல என்ன பார்க்க?" என்றார். கம்பம் என்றால் அங்கே கிராமம். அந்த 'லா' மட்டும் நெல்லை லாவா, மலேசிய லாவா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்களுக்கு 30 நாள் வரை மலேசிய விசா வேண்டாம். 2023 டிசம்பரில் தொடங்கிய சலுகை, 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் முன் நடப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

விசா இல்லையென்றாலும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில், போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். எந்தத் தளமாவது இதற்குக் காசு கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நான் ஆர்வக்கோளாறில் ஒரு வாரம் முன்னாலேயே நிரப்ப உட்கார்ந்து ஒரு மாலையை வீணாக்கினேன்.

படி 2: எப்படிப் போவது

நம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் கிட்டத்தில் இருக்கிறது, திருச்சியும் சௌகரியம்தான். இரண்டு ஊரிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. அங்கேயே வேறு விமானம் மாறிப் பினாங்கில் இறங்கலாம். ஆனால் நான் சொல்கிற வழி வேறு. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் மின்சார ரயில் ஏறி, நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உட்கார்ந்திருந்து பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெர்ரித் துறை. அங்கிருந்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குக் கடலைக் கடக்க இருபது நிமிடம்கூட ஆகாது.

இந்தச் சுற்று எதற்கென்றால், இந்த வீடுகளை முதலில் கடலிலிருந்து பார்க்க வேண்டும். பெர்ரியில் இடது பக்கமாக நின்றுகொள்ளுங்கள். கரை நெருங்கும்போது பெரிய கட்டடங்களுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டித் தகரக் கூரைகள் வரிசையாகத் தெரியும். இறங்கி இடது கைப் பக்கம் திரும்பி நடந்தால் வெல்ட் கீ சாலை. முதலில் லிம் ஜெட்டி வரும், அதைத் தாண்டினால் சியூ. பொடிநடைதான், ஆட்டோ தேடாதீர்கள், கிடைக்கவும் கிடைக்காது.

படி 3: யார் வீட்டுக்குப் போகிறோம்

இதைத் தெரிந்துகொண்டு போனால் பலகைப் பாதை பாதையாக மட்டும் தெரியாது. 1880களில் ஆங்கிலேயர்கள் கடலைத் தூர்த்துக் கரையை முன்னே தள்ளி இந்தத் துறைமுகச் சாலையை அமைத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்டின் பெயரே சாலைக்கும் வந்தது. பெரிய கப்பல் நடுக்கடலில் நிற்கும், சரக்கைச் சிறு படகில் ஏற்றிக் கரை சேர்க்க ஆள் வேண்டும். சீனாவின் புஜியான் பகுதியிலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள் அந்த வேலையைப் பிடித்தார்கள். படகு கட்டத் துறை, துறையில் ஓய்வெடுக்கக் கொட்டகை, அப்புறம் குடும்பம், கொட்டகை வீடு. இப்படித்தான் தண்ணீர் மேல் ஊர் எழுந்தது.

ஒவ்வொரு துறையும் ஒரு வம்சத்தாருடையது. லிம், சியூ, டான், லீ, யோ என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் குலப்பெயர். பல பெயர்க்காரர்கள் சேர்ந்து இருக்கும் கலப்புத் துறை ஒன்றும் உண்டு. ஒரே குலப்பெயருக்குள் பெண் கொடுத்து எடுப்பது சீனர்களின் பழைய வழக்கத்தில் இல்லை. ஒரே கிளைக்குள் கட்டமாட்டோம் என்று நம் பக்கம் சொல்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் பங்காளிகள். பங்காளிகள் சேர்ந்து இருந்தால் என்னென்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. வேலைக்காகத் துறைக்குத் துறை சண்டை போட்டுக்கொண்ட காலமும் இருந்திருக்கிறது.

நிலம் இல்லாததால் பட்டா இல்லை. அரசு தரும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில்தான் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 2006-இல் கோய் ஜெட்டியை இடித்தே விட்டார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது மிச்சமிருந்த துறைகளும் அதற்குள் வந்தன. வீடு தப்பித்தது, கூடவே நம்மைப் போன்ற ஆட்களும் வந்து சேர்ந்தோம்.

படி 4: நடப்பது எப்படி

எழுபத்தைந்து வீடுகள் வரை இருக்கும் சியூதான் இருப்பதில் பெரியது, கூட்டமும் அங்கேதான். முன்பக்க வீடுகள் பல இப்போது கடைகள். ஐஸ்கிரீம், காந்தப் பொம்மை, டி-சர்ட். எனக்கு அந்தப் பகுதி பிடிக்கவில்லை. பத்து அடிக்கு ஒருவர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தால் எந்தத் தெருதான் தெருவாக இருக்கும்? காலையிலேயே போய்விடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் உள்ளே நடமாட வேண்டாம்.

வாசலில் படம் எடுக்காதீர்கள் என்று பலகை மாட்டிய வீடுகள் உண்டு. பலகை இல்லாத வீட்டிலும் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். கதவு திறந்துதான் இருக்கும், வெக்கை அப்படி. நடுவீட்டில் சிவப்பு விளக்கோடு சாமி மாடம், அதற்கு முன்னால் ஒரு தாத்தா பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருப்பார். நம் வீட்டுத் திண்ணையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருக்கும்போது நாலு பேர் கேமராவை நீட்டினால் எப்படி இருக்கும்? ஆசையாக இருந்தால் "போலே அம்பில் கம்பார்?" என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று மலாயில் அர்த்தம். தலையாட்டினால் எடுத்துவிட்டு "தெரிமா காசே" என்று நன்றி சொல்லுங்கள். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றாலே போதும்.

பலகைகளுக்கு நடுவே விரல் கடை இடுக்கு இருக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். மழை பெய்திருந்தால் வழுக்கும், செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை அதிகம். சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொண்டு குனியாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 5: குனிந்து பாருங்கள், ஆனால் என்னைப் போல அல்ல

பலகை இடுக்கு வழியே கீழே பார்க்கக் குனிந்தேன், பையிலிருந்த மூக்குக்கண்ணாடி நேராக இடுக்கில் நழுவிப் போனது. பத்து மணி இருக்கும். கீழே பச்சைத் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் மீன் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவின் கைக்கடிகாரத்தைத் தொட்டு மூன்றின் மேல் விரலை வைத்தார். மாமா மலாயில் ஏதோ கேட்டார், அவர் சிரித்துவிட்டு வலைக்கே திரும்பிவிட்டார்.

மூன்று மணிக்குப் போனோம். கடலைக் காணோம்! வீடுகளின் கால்கள் முழுசாக வெளியே நின்றன. கீழே கருஞ்சேறு, அதில் கண்ணை மேலே தூக்கிக்கொண்டு துள்ளும் சின்னச் சின்ன மீன்கள், பழைய டயர், ஒற்றைச் செருப்பு, நடுவில் என் கண்ணாடி ஒரு காதை மேலே நீட்டிக்கொண்டு. பெரியவர் நீளக் குச்சியில் கட்டிய கம்பிக் கொக்கியை இடுக்கில் விட்டு ஒரே தூக்கில் எடுத்தார். அந்தக் கொக்கி கைவசம் தயாராக இருந்ததைப் பார்த்தால் நான் முதல் ஆள் இல்லை என்று தெரிந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. எதிர்க் கடையில் ஐஸ்கிரீம் வாங்கச் சொல்லிக் கை காட்டினார். வாங்கினேன். அதுவும் பங்காளி கடையாகத்தான் இருக்கும்.

என் நஷ்டத்தில் உங்களுக்கு ஒரு லாபம். கடல் ஏறி நிற்கும் ஏற்றம், இறங்கிப் போகும் வற்றம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஆறு மணி நேரம்போல. நேரம் பார்க்க இணையத்தில் ஓத அட்டவணை கிடைக்கும். ஏற்றத்தில் வீடு மிதப்பதுபோல் இருக்கும், படம் அழகாக வரும். ஆனால் வீடு எப்படி நிற்கிறது என்று தெரிய வற்றத்தில்தான் போக வேண்டும். மரக்கால்களில் தண்ணீர் ஏறும் உயரம் வரை கொட்டலசு என்னும் சின்னச் சிப்பி அப்பியிருக்கும், கோடு போட்டதுபோல. பல கால்களை மாற்றிவிட்டார்கள், பிளாஸ்டிக் குழாயை நட்டு உள்ளே கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். அழகில்லைதான். உப்புத் தண்ணீரில் மரத்தை அடிக்கடி மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்த மலாய்ப் பகுதி முழுவதும் தண்ணீரில் வீடு கட்டுகிறவர்கள் தேடிப் போன மரங்களில் நிபோங் முக்கியமானது. அதுவும் பனை இனம்தான்! வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே சோறு. வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து கூரைக்குக் கை போட்டுப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அது ஏன் என்று புரியும். நாம் பனையைத் தலைக்கு மேல் வைத்தோம், அவர்கள் காலுக்குக் கீழே வைத்தார்கள். நிபோங் கால்களில் நின்ற பெரிய நீர்க்கிராமம் புருனேயின் கம்போங் ஆயர். மெகல்லனின் பயணத்தில் வந்த இத்தாலியர் பிகாபெட்டா 1521-இல் அந்த ஊரைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அது அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். முதல் தடவைக்குப் பினாங்கே சுலபம்.

படி 6: அடுத்த துறைக்கும் போங்கள்

பத்துப் பேரில் எட்டுப் பேர் சியூவோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்துள்ள டான் ஜெட்டியில் வீடுகள் குறைவு, கடை அதைவிடக் குறைவு. அதன் கடைசியில் ஒரு ஒடுக்கமான பலகைப் பாதை கடலுக்குள் தனியே நீளுகிறது. கிழக்குப் பார்த்த கரை, அதனால் விடிகாலையில் சூரியன் எதிரிலேயே எழும். போகிறவர்கள் சத்தம் போடாமல் போங்கள், வழியெல்லாம் ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவுக்குப் போங்கள். ஹொக்கியன் மக்களுக்கு மறுநாள், ஒன்பதாம் நாள்தான் பெரிய நாள், வானுலகப் பேரரசரான தெய்வத்தின் பிறந்தநாள். சியூ ஜெட்டி வாசலில் நீள மேஜை போட்டுப் படையல் வைப்பார்கள், நள்ளிரவில் வெடி. படையலில் முழுக் கரும்பு நிற்கும். எதிரிகளிடமிருந்து தப்பிக் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து பிழைத்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. நம் பொங்கல் கழிந்து சில வாரங்களில் வரும் நாள் என்பதால், மறுபடியும் கரும்பைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். கோயில் கொடைக்குப் பங்காளிகள் ஊர் திரும்புவதுபோல, வெளியே குடிபோனவர்களும் அன்றைக்குத் துறைக்கு வந்துவிடுவார்கள்.

படி 7: சாப்பாடு

இங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம். பசியோடு போங்கள். நாசி கண்டார் சாப்பிடாமல் வந்தால் மாமா வீட்டில் சேர்க்கமாட்டார். கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தமிழ் முஸ்லிம்கள் காவடி கட்டித் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. சோற்றின் மேல் மூன்று, நான்கு குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் 'பஞ்சிர்', வெள்ளம் என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அதில்தான் ருசி. வழியில் சூலியா தெரு வரும். சூலியா என்று அந்தக் காலத்தில் அழைத்தது நம் தமிழ் முஸ்லிம்களைத்தான். 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே.

திரும்பும்போதும் பெர்ரியில் போனால் இந்தத் தடவை வலது பக்கம் நில்லுங்கள். சாயங்காலமானால் ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மேல்தளத்தில் காற்று பலமாக வீசும்.