இடம் இருந்தும் பென் டிரைவில் பெரிய கோப்பு ஏற மறுத்தால் செய்ய வேண்டியவை

32 ஜிபி பென் டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், 5 ஜிபி அளவுள்ள ஒரு காணொளியை அதில் நகலெடுக்க முயலும்போது, கோப்பு மிகப் பெரியதாக இருக்கிறது என்று கூறி விண்டோஸ் மறுத்துவிடுவது உண்டு. டிரைவ் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை வாங்கத் தேவையில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், அந்த டிரைவ் ஃபேட்32 என்னும் பழைய கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை டிரைவில் ஒழுங்குபடுத்தி வைக்கும் பழைய ஏற்பாட்டில், இருப்பதுதான்.

1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்தப்பட்ட பதிப்புடன் வந்த இந்த முறைமை, ஒவ்வொரு கோப்பின் அளவையும் குறித்துவைக்க 32 பிட்டுகளை மட்டுமே ஒதுக்குகிறது. அந்த இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. ஆகவே டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும், அதைவிடப் பெரிய கோப்பு ஒன்றுகூட அதில் ஏறாது. சிறிய கோப்புகள் வழக்கம்போல ஏறும்.

முதலில் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் ஈ விசையையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். அதில் பென் டிரைவின் மீது வலது கிளிக் செய்து, ப்ராபர்டீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் முறைமையின் பெயர் தெரியும். அங்கே ஃபேட்32 என்று இருந்தால் மட்டும் மேலே தொடருங்கள்.

அடுத்து, டிரைவில் உள்ள அனைத்தையும் கணினியில் ஒரு புதிய கோப்புறைக்கு நகலெடுத்து, அவற்றில் சிலவற்றைத் திறந்து பார்த்துச் சரியாக வந்திருக்கின்றனவா என்று சோதியுங்கள். டிரைவை வேறு முறைமைக்கு மாற்ற அதை ஃபார்மேட் செய்ய வேண்டும்; அப்படிச் செய்தால் அதில் உள்ளவை அனைத்தும் போய்விடும் என்பதால் இந்தப் படியில் அவசரமே கூடாது. வேறு வெளிப்புற டிரைவுகள் கணினியில் இணைந்திருந்தால் அவற்றையும் இப்போதே கழற்றிவிடுங்கள். தவறான டிரைவை ஃபார்மேட் செய்துவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது பென் டிரைவின் மீது மீண்டும் வலது கிளிக் செய்து ஃபார்மேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் சிறு சாளரத்தில் ஃபைல் சிஸ்டம் என்ற பட்டியலைத் திறந்து எக்ஸ்ஃபேட் என்பதைத் தேர்வுசெய்யுங்கள். அலோகேஷன் யூனிட் சைஸ் இயல்பாக இருப்பதே போதும். குயிக் ஃபார்மேட் என்பதில் குறி இருக்கட்டும். பின்னர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, வரும் எச்சரிக்கைக்கு ஒப்புதல் அளித்தால், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். முடிந்ததும் கொள்ளளவு ஏறத்தாழ 29 ஜிபி என்று தெரிவதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ அதை 1,073,741,824 பைட்டுகளாகக் கணக்கிடுகிறது.

அந்தப் பட்டியலில் என்டிஎஃப்எஸ் என்பதும் இருக்கும். அதிலும் பெரிய கோப்புகள் ஏறும். ஆனால் மேக் கணினி அதைப் படிக்குமே தவிர, கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. பல கணினிகளுக்கிடையே எடுத்துச் செல்லும் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட்தான் பொருத்தம் என்பது என் கருத்து. விண்டோஸும் மேக்கும் அதில் படிக்கவும் எழுதவும் செய்யும்; 2019-இல் வெளிவந்த 5.4 பதிப்பு முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலும் அதற்கான ஆதரவு சேர்ந்துவிட்டது.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு குறையும் உண்டு. எழுதும் வேலை பாதியில் நின்றுவிட்டால் சரிசெய்துகொள்வதற்கான பதிவேடு என்டிஎஃப்எஸ்ஸில் இருப்பதுபோல் இதில் இல்லை. எனவே நகலெடுப்பு முடிந்தபின், டிரைவின் மீது வலது கிளிக் செய்து இஜெக்ட் கொடுத்த பிறகே அதைக் கழற்றுங்கள்.

சில பழைய தொலைக்காட்சிகளும் கார் ஸ்டீரியோக்களும் ஃபேட்32-ஐ மட்டுமே படிக்கும் என்பதால், அவற்றுக்காக வைத்திருக்கும் டிரைவை மாற்றாமல் விட்டுவிடுவதே நல்லது. அத்தகைய டிரைவிலேயே பெரிய கோப்பை வேறொரு கணினிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், செவன்-ஜிப் என்னும் இலவச மென்பொருளால் கோப்பை 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாகப் பிரித்து ஏற்றலாம். சென்று சேர்ந்த கணினியில் எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, 001 என்று முடியும் முதல் துண்டைச் செவன்-ஜிப்பில் திறந்து பிரித்தெடுத்தால், முழுக் கோப்பும் கிடைத்துவிடும்.