மூன்று மெட்டு, ஆறு பாட்டு: டிரான்ஸ் வரலாற்றைக் காதால் படிப்பது எப்படி

2006-ல் தெருவோரக் கடையில் ஒரு எம்பி3 சிடி வாங்கினேன். அதில் இருந்த நாற்பது பாட்டுக்கும் ஒரே பெயர்தான் போட்டிருந்தது: ஹாலந்து டிஜே டியெஸ்டோ. நானும் நம்பினேன். டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை என்றால் டியெஸ்டோ, அது ஹாலந்தில் பிறந்த இசை என்று பத்துப் பேரிடமாவது அடித்துச் சொல்லியிருப்பேன். அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ளச் சில வருடம் ஆனது. உங்களுக்கு இரண்டு ராத்திரி போதும்.

நூறு பாட்டுப் பட்டியலெல்லாம் வேண்டாம், அதைத் தேடித் தேடியே அலுத்துவிடும். ஒரே மெட்டு, வேறு வேறு வருடத்தில் செய்த இரண்டு வடிவம், அப்படி மூன்று ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியதோ, அதுதான் வரலாறு.

முதலில் ஒரு எச்சரிக்கை. வானொலிக்காக மூன்றரை நிமிடத்துக்கு வெட்டிய வடிவங்கள் எங்கும் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த எதையும் தொடாதீர்கள். கைப்பேசி ஸ்பீக்கரும் உதவாது, அடியில் ஓடும் பேஸ் அதில் கேட்கவே கேட்காது. சுமாரான ஹெட்போன் இருந்தால் சரி.

அடுத்து, தாளம் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு டிரம் அடிக்கு ஒரு அட்சரம் என்று ஆதி தாளம் போட்டால் அச்சாகப் பொருந்தும். இந்த இசையில் எதுவும் பெரும்பாலும் எட்டின் மடங்கில்தான் மாறும். எட்டு அட்சரம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று. பதினாறு ஆவர்த்தனம் போட்டால் 128 அடி. நிமிடத்துக்கு 138 அடி ஓடும் பாட்டில் அது சுமார் 56 விநாடி. புதுச் சத்தம் நுழைவதும் டிரம் நின்றுபோவதும் பெரும்பாலும் சமத்தில்தான், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடியில்தான் விழும். பாட்டின் நடுவில் டிரம் விலகி மெட்டு மட்டும் தனியாக நிற்கும். அப்போதும் கையை நிறுத்தாதீர்கள். அந்த வெற்று ஆவர்த்தனங்கள் எத்தனை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

முதல் ஜோடி, 'தி ஏஜ் ஆஃப் லவ்'. முதல் வடிவம் 1990-ல் பெல்ஜியத்தில் வந்தது. இரண்டாவது, 1992-ல் ஃபிராங்க்ஃபர்ட்காரர்களான ஜாம் அண்ட் ஸ்பூன் செய்த ரீமிக்ஸ். பழையதில் ஹவுஸ் என்ற முந்தைய நடன இசையின் தளர்வான நடை இன்னும் இருக்கிறது. ரீமிக்ஸில் எல்லாம் இறுகிவிட்டது. ஒரே சுழற்சி விடாமல் ஓடுகிறது, மேலே ஒவ்வொரு அடுக்காக ஏறுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் அப்போது விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே 'டோரியன் கிரே' என்று ஒரு கிளப் இருந்தது. விடியும்வரை ஆடுகிற கூட்டத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு எதற்கு? நீளமும் சுழற்சியும்தான் அங்கே தேவை.

இரண்டாவது ஜோடியில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். எனர்ஜி 52-இன் 'கஃபே டெல் மார்'. 1993-ல் வந்த வடிவம் ஒன்று, 1997-ல் த்ரீ 'என் ஒன் செய்த ரீமிக்ஸ் ஒன்று. பெயர் இபிசா தீவில் சூரியன் மறைவதைப் பார்க்க மக்கள் கூடும் ஒரு மதுக்கடையுடையது. பாட்டைச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். பழைய வடிவத்தில் அந்த மெட்டு மற்றச் சத்தங்களோடு கலந்து நடக்கிறது. புதியதில் டிரம் மரியாதையாக விலகிக்கொள்கிறது, மெட்டு தனியாக வந்து நிற்கிறது, மெல்ல மெல்லப் பெருகுகிறது, அப்புறம் டிரம் திரும்ப விழுகிறது. அந்த இடத்தில் தாளம் போட்ட கை தானாகவே ஓங்கி விழும். முதல் ஜோடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓயாத சுழற்சியாக இருந்தது ஒரு கதைபோல ஏறி இறங்க ஆரம்பித்தது எப்போது என்று புரியும்.

மூன்றாவது, பால் வான் டைக்கின் 'ஃபார் ஆன் ஏஞ்சல்', 1994, 1998. கிழக்கு பெர்லினில், சுவருக்கு அந்தப் பக்கத்து வானொலியைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1998 வடிவத்துக்கு 'ஈ-வெர்க்' என்று பெயர். பழைய மின் நிலையம் ஒன்றில் நடந்த பெர்லின் கிளப் அது. இங்கே மெட்டுதான் ராஜா, மற்றதெல்லாம் பரிவாரம்.

இதே காலத்தில் ஒரு கருவியும் வந்தது. 1996-ல் ரோலண்ட் நிறுவனம் ஜேபி-8000 என்ற சின்தசைசரை வெளியிட்டது. அதில் 'சூப்பர் சா' என்று ஒரு ஒலி. ரம்பத்தின் பல் போன்ற வடிவம் கொண்ட ஏழு ஒலி அலைகள் ஒரே ஸ்வரத்தைச் சிறு சிறு சுருதி வித்தியாசத்தோடு பாடும். பஜனை மடத்தில் ஏழு பேர் ஒரே அடியைப் பாடினால் ஒரு ஆள் பாடுவதைவிடத் தடிமனாகக் கேட்குமே, அதேதான். 1999-ல் வந்த சிஸ்டம் எஃப்-இன் 'அவுட் ஆஃப் தி ப்ளூ' போட்டால், அகலமான சுவர்போல எழும்பும் அந்தச் சத்தத்தை உடனே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பிறகு எல்லாரும் அதையே போட்டார்கள். எனக்கு அங்கேதான் கொஞ்சம் திகட்டுகிறது.

கோவாக் கடற்கரைகளில் வளர்ந்த டிரான்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். அது தனிக் கிளை, தனி ராத்திரியில் கேளுங்கள். அங்கே அஞ்சுனா கடற்கரையில் கோவா கில் போன்ற டிஜேக்கள் வாசித்தது இசைத்தட்டில் அல்ல, டாட் என்ற டிஜிட்டல் நாடாவில். வெயிலும் மணலும் தட்டைக் கெடுத்துவிடும். அந்த நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து அடுத்த பாட்டோடு டிரம்மைப் பொருத்த முடியாது. ஆகவே பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் டிரம் இல்லாத நீண்ட பகுதிகள் வைத்தார்கள். ஹாலுசினோஜெனின் 1995 ஆல்பம் 'ட்விஸ்டட்' போட்டால் அந்த உலகம் திறக்கும். இங்கே காத்திருந்து கேட்கும் மெட்டு கிடையாது, நெளிந்துகொண்டே இருக்கும் சத்தம்தான். முதல் தடவை தலை சுற்றினால் நிறுத்திவிட்டு மறுநாள் போடுங்கள்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்தபோது டியெஸ்டோ வாசித்தார். அங்கே இந்த இசை அரங்கத்துக்கு வந்துவிட்டது. நேரம் மிச்சமிருந்தால் கடைசியாக ஒரு மெட்டு: அமெரிக்கரான சாமுவேல் பார்பர் 1936-ல் எழுதிய 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்'. முதலில் வயலின்களில் கேளுங்கள், பிறகு டியெஸ்டோ செய்ததைக் கேளுங்கள். என் சிடியில் அவர் பெயர் போட்டிருந்த நாற்பதில், நிஜமாகவே அவர் கை பட்டது என்று நான் உறுதி செய்துகொண்ட முதல் பாட்டு அதுதான்.