பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைத் தேடுவது எப்படி

வேலூர்ப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ பல குடும்பங்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: "பெரிய தாத்தா பட்டாளத்துக்குப் போனார், பஸ்ராவிலேயே போய்ச் சேர்ந்துட்டாராம்." அவ்வளவுதான், அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த ஊர் ரங்கூன். தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் போனவர். போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது, ஆனால் தேடினேன், கிடைத்தார். உங்களுக்கும் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, அதனால் வழியைச் சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மூத்த பெண்களிடம் போய் உட்காருங்கள், அதுவும் இந்த மாதமே, ஏனென்றால் இந்த விஷயத்தில் நமக்கு நாள் அதிகமில்லை. "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. மணியார்டர் யார் பெயருக்கு வந்தது, பென்ஷன் வாங்க எந்த ஊருக்குப் போனார்கள், சேதி வந்தபோது வயலில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, அப்போது அப்பாவுக்கு எத்தனை வயது, இப்படிக் கேளுங்கள். முக்கியமாக, திவசம் எந்த மாதம், எந்தத் திதியில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய பஞ்சாங்கத்தை வைத்து அதை ஆங்கிலத் தேதியாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, அது இறந்த தேதியாக இல்லாமல் தந்தி வந்த தேதியாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் ஆடி மாதம் கொடுத்தார்கள், ஆவணத்திலோ 1945 மார்ச் என்று இருந்தது. நான் ஆடியையே பிடித்துக்கொண்டு ஜூலை, ஆகஸ்ட் பட்டியலை மட்டும் பார்த்து இரண்டு மாதம் வீணாக்கினேன். வீட்டில் சொல்லும் தேதிக்கு முன்னால் ஆறு மாதத்தையும் சேர்த்தே தேடுங்கள்.

அடுத்தது பதக்கம். இரும்புப் பெட்டி, பூஜை அறை, பழைய சுருக்குப்பை எல்லாவற்றையும் பாருங்கள். கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சபீனாவும் வேண்டாம். நமக்கு வேண்டியது முகப்பில் இருக்கும் ராஜா தலை இல்லை, விளிம்பு. வட்டப் பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துக்கொண்டே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சிறு ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பும்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. இரண்டாம் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் பதக்கம் கொடுத்தார்கள், இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தார்கள், அது நம் அதிர்ஷ்டம். வெண்கல நட்சத்திரமாக இருந்தால் பெயரைப் பின்பக்கம் தேடுங்கள். ஆறு முனை நட்சத்திரத்தில் பர்மா ஸ்டார் என்று எழுதி, நடுவில் சிவப்புப் பட்டையும் இரு பக்கமும் கருநீலமும் ஆரஞ்சுமாக ரிப்பன் இருந்தால் எந்தப் போர்முனை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயர் ஆயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கும், படைப்பிரிவோடு சேர்ந்த எண் அவருக்கு மட்டும்தான்.

முதல் போர் என்றால் ஊரையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பழைய பள்ளிக்கூடம், சாவடி, தாலுகா ஆபீஸ் சுவரில் சின்னக் கல்வெட்டு இருக்கலாம்: இந்தக் கிராமத்திலிருந்து 1914-19 போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் 277 பேர் போனதாகவும் 14 பேர் இறந்ததாகவும் பொறித்திருக்கிறது. பெயர் இருக்காது, வெறும் எண்ணிக்கைதான். ஆனாலும் உங்கள் ஊர்க் கல்லில் இறந்தவர் 2 பேர் என்று இருந்தால், இன்னொருவர் எந்த வீடு என்று தேடிப் போகலாம், அந்த வீட்டில் காகிதம் இருக்கக்கூடும்.

சரி, இப்போது இணையத்துக்கு வருவோம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், சுருக்கமாக சி.டபிள்யூ.ஜி.சி., 1917-இல் தொடங்கியது. இரண்டு போர்களிலும் காமன்வெல்த் நாடுகளின் படைகளில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கிறது, காசு கேட்பதில்லை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். சண்டையில் குண்டு பட்டவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பணியில் இருக்கும்போது மலேரியாவிலோ வயிற்றுப்போக்கிலோ இறந்தவரும் உண்டு, சமையல்காரரும் தண்ணீர் சுமந்தவரும் உண்டு.

பெயர் தேடுவதில்தான் எல்லோரும் தோற்றுப்போய் விட்டுவிடுகிறார்கள். நம் ஆளுக்கு ஒரே பெயர், அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட வேண்டும். முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுத்த அன்றைக்குக் குமாஸ்தா காதில் விழுந்ததுதான் எழுத்து: முனிஸ்வாமி, முனுசாமி, மூனுசாமி, முன்னுஸ்வாமி, இதில் எதுவாகவும் இருக்கலாம். அதனால் முழுப் பெயரை அடிக்காமல் முதல் மூன்று நான்கு ஆங்கில எழுத்துகளை மட்டும் கொடுத்து, படை என்ற இடத்தில் இந்தியப் படை என்று தேர்ந்து, ஆண்டைக் குறுக்குங்கள். அப்புறம் கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊரையோ மாவட்டத்தையோ போடுங்கள். மாவட்டம் அந்தக் காலத்து மாவட்டமாக இருக்க வேண்டும், எழுத்தும் அந்தக் காலத்து எழுத்து. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தேடாதீர்கள், வட ஆற்காடு என்று தேடுங்கள். திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, திருச்சிக்கு ட்ரிச்சினாபொலி, தஞ்சாவூருக்கு டாஞ்சூர். பதிவு கிடைத்தால் பல சமயம் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் கொள்ளுப்பாட்டனார் பெயரை அந்த வரியில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பதிவில் இருக்கும் நினைவிடம் அவர் விழுந்த இடம் இல்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ரங்கூனுக்கு இப்போதைய பெயர் யாங்கோன். அதன் அருகே தாவ்க்கியான் கல்லறையில் இருக்கும் ரங்கூன் நினைவிடத்தில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் பர்மா முழுக்க இறந்து, தெரிந்த கல்லறை இல்லாதவர்கள். நாகாலாந்தின் கொஹிமாவில் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. சிங்கப்பூருக்குக் கிராஞ்சி, பிரான்ஸுக்கு நெவ் ஷாப்பேல், இப்படிப் போர்முனைக்கு ஒன்று.

பஸ்ரா என்று சொல்லி வளர்ந்த குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்த 40,000-க்கும் மேற்பட்டோருக்கான பஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் கல்லில் இருக்கிறது, இந்தியச் சிப்பாய்க்கு இல்லை. படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான். பெயர்கள் பதிவேட்டில் மட்டும் இருந்தன. எல்லோரையும் ஒன்றாக நினைவுகூரவில்லை என்பதை 2021-இல் ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதனால் கல்லின் படத்தில் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள், தளத்தின் பட்டியலில் தேடுங்கள். விடுபட்டிருந்தால் அல்லது ஊர் தவறாக இருந்தால் ஆதாரத்தோடு அவர்களுக்கு எழுதுங்கள், திருத்துகிறார்கள்.

எங்குமே இல்லையா? ஒருவேளை அவர் இறக்காமல் வேறெங்கோ குடும்பம் நடத்தியிருக்கலாம், சில வீடுகளில் அப்படியும் நடந்திருக்கிறது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு நேதாஜி படையில் சேர்ந்து அதில் இறந்தவர் என்றால் இந்தப் பட்டியலில் அநேகமாக வரமாட்டார், அதற்கு டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் பார்க்க வேண்டும்.

எண்ணும் படைப்பிரிவும் கையில் இருந்தால் அந்தப் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ், அதாவது பொறியியல் படை என்றால் பெங்களூரு. எண், பதவி, பெயர், அப்பா பெயர், பழைய மாவட்டம், ஆண்டு, உங்களுக்கு என்ன உறவு, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு ஏழு மாதம் பதிலே வரவில்லை, மூன்றாவது கடிதத்துக்கு வந்தது. விடாதீர்கள். முதல் போர்ச் சிப்பாய்களின் தனி ஆவணங்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. அவர்களுக்கு லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள்தான் வழி: முதல் போருக்கு டபிள்யூ.ஓ. 95, பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசை. அதில் உங்கள் தாத்தா பெயர் அநேகமாக வராது, ஆனால் அவர் இருந்த பட்டாலியன் அன்றைக்கு எந்த ஆற்றைக் கடந்தது, மழை பெய்ததா, எத்தனை பேர் செத்தார்கள் என்பது தினசரிக் குறிப்பாக இருக்கும். 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையில் இருந்தவர் என்றால் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா சண்டையில் இருந்திருப்பார் என்று படைப்பிரிவை வைத்தே ஆளைத் தொடர முடியும்.

நேரில் போவதென்றால் சென்னைக்காரர்களுக்கு நந்தம்பாக்கத்தில் மவுண்ட் பூந்தமல்லி சாலையிலேயே போர்க் கல்லறை இருக்கிறது. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளோடு, முதல் போரில் இறந்து இந்தியாவில் வேறெங்கோ புதைக்கப்பட்டவர்களுக்கான நினைவிடமும் அங்கேதான். வெளிநாடு போகிறவர்கள் கிளம்பும் முன் தளத்திலிருந்து அவர் பெயர் இருக்கும் பலகையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 27,000 பெயரில் கண்ணால் தேட முடியாது. காலையில் போங்கள், வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லெழுத்து போட்டோவில் தெளிவாக வரும். எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் தெரிகிற மாதிரி ஒன்று, பலகை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டு, உங்களுக்குத் திதியைச் சொன்ன அந்த அத்தையிடம் முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள்.