சிறு அலுவலகத்துக்கு இரட்டை இணைய இணைப்பு ரவுட்டர்: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

இரண்டு இணைய இணைப்புகளைத் தாங்கும் ரவுட்டரை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தையும் போர்ட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டே முடிவெடுக்கிறார்கள். அவையும் வேண்டிய விவரங்கள்தான். ஆனால் முதல் இணைப்பு செயலிழந்துவிட்டதை அந்த ரவுட்டர் எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்பதை விசாரிக்காமல் வாங்கினால், இரண்டாவது இணைப்புக்கு மாதந்தோறும் கட்டும் பணம் வீணாகக்கூடும்.

ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் தெருவிலோ சேவை நிறுவனத்தின் கருவியிலோதான் அறுபடுகிறது. அப்போதும் அலுவலகத்துக்குள் இருக்கும் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையிலான கேபிளில் எந்தக் கோளாறும் இருக்காது; ரவுட்டரில் அந்தப் போர்ட்டின் விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும். கேபிள் செருகியிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் ரவுட்டர், இணைப்பு நன்றாக இருப்பதாகவே எண்ணி, அறுந்த வழியிலேயே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே 1.1.1.1, 8.8.8.8 போன்ற வெளி முகவரிகளுக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை பிங் (பதில் கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, பதில் வருகிறதா என்று சோதிக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைக் கொடுக்கவும், எத்தனை முறை பதில் வராவிட்டால் இணைப்பு மாற வேண்டும் என்பதையும், முதல் இணைப்பு மீண்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துத் திரும்ப வேண்டும் என்பதையும் நாமே அமைக்கவும் முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. விட்டு விட்டு வரும் இணைப்பில் ரவுட்டர் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருந்தால், இணைப்பு முழுதாக அறுந்து கிடப்பதைவிட அது பெரிய தொல்லை. இந்த அமைப்புகள் இருக்கின்றனவா என்பதை அறிய, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயனர் கையேட்டை இறக்கி, வாங்குவதற்கு முன்பே படித்துவிடலாம்.

டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) அமைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. முதல் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர், வேறு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் தருவதில்லை. எனவே இணைப்பு சரியாக மாறியும் எந்தத் தளமும் திறக்காமல் போகலாம். இரு இணைப்புகளிலும் வேலை செய்யும் பொது டிஎன்எஸ்ஸை அமைப்பதே நல்லது.

இரு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் லோடு பேலன்சிங் வசதியிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இரண்டு இணைப்புகள் சேர்ந்து, ஒரு கோப்பை ஒரே தொடர்பில் 200 மெகாபிட் வேகத்தில் இறக்கித் தந்துவிடாது. ஒவ்வொரு தொடர்பும் ஏதாவது ஓர் இணைப்பின் வழியாகவே செல்லும். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் பலன் தெரியும். இதில் வங்கித் தளங்கள் தகராறு செய்வதுண்டு: நடுவில் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பின் அடையாள எண்) மாறினால் சில தளங்கள் நம்மை உடனே வெளியேற்றிவிடும். குறிப்பிட்ட தளத்தையோ கணினியையோ ஒரே இணைப்பில் நிறுத்திவைக்கும் விதியை அமைக்க முடியாத ரவுட்டரில், லோடு பேலன்சிங்கை அணைத்துவிட்டு இரண்டாவது இணைப்பை மாற்றாக மட்டும் வைத்திருப்பதே மேல். அப்படி மாறும்போதும் ஐபி முகவரி மாறுவதால், நடந்துகொண்டிருக்கும் இணையத் தொலைபேசி அழைப்பும் விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குச் செல்லும் பாதுகாப்பான தனி வழி) தொடர்பும் பொதுவாக அறுந்து, மீண்டும் இணைய வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் விபிஎன் வழியாக நுழைபவர்கள் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 4ஜி, 5ஜி இணைப்பு தரும் மொபைல் நிறுவனங்கள் பல, ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்கின்றன. ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், அந்த இணைப்பின் வழியாக வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர இயலாது.

இணைப்புகளைத் தேர்வதும் ரவுட்டரைத் தேர்வதோடு சேர்ந்ததே. இரு நிறுவனங்களின் ஃபைபர்களும் ஒரே கம்பத்தின் வழியாக வந்தால், ஒரே விபத்தில் இரண்டும் போய்விடும். ஒன்று ஃபைபர், மற்றொன்று 4ஜி அல்லது 5ஜி என்று இருப்பது பாதுகாப்பானது. இரு மோடங்களும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே முகவரித் தொகுதியைத் தந்தால் ரவுட்டர் குழம்பும் என்பதால், ஒன்றில் அதை மாற்றிவிட வேண்டும். மோடங்களும் ரவுட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

எதை வாங்குவது என்பது, அதை யார் பராமரிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது. டிபி-லிங்க் இஆர்605, டிரேடெக் வைகர் 2927 போன்றவற்றை உலாவியில் திறக்கும் பக்கங்களிலேயே அமைத்துவிடலாம். மைக்ரோடிக் ரவுட்டர்களில் ஏறக்குறைய எல்லாம் முடியும். ஆனால் இணைப்பு மாறுவதற்கான விதிகளை நாமே எழுத வேண்டும் என்பதால், நெட்வொர்க் தெரிந்தவர் கைவசம் இல்லாத அலுவலகத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எதுவானாலும் அந்த மாடலுக்குக் கடைசியாக ஃபார்ம்வேர் (ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருள்) வெளிவந்த தேதியைப் பாருங்கள்; நெடுநாளாக எதுவும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கியவுடன், திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள், சோதித்துவிட வேண்டும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையிலான கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது போதாது. மோடத்துக்குள் வரும் ஃபைபர் முனையை, அதன் நுனியைத் தொடாமலும் அதற்குள் பார்க்காமலும் மெதுவாகக் கழற்றிவிட்டு, ஒரு வீடியோ அழைப்பையும் ஒரு வங்கித் தளத்தையும் திறந்து வைத்துக்கொண்டு, இணைப்பு மாற எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பிங் இடைவெளியைக் குறைத்த பிறகும் நிமிடக் கணக்கில் காக்க வைத்தால், அந்த ரவுட்டரைத் திருப்பித் தந்துவிடலாம்.